லெட்டர்பேட் இருந்தாத்தான் கலையா?

எங்க வடசென்னைப் பூங்காவுல பறை பழகுற பசங்களை ஒரு கலை அமைப்பு வெளிய அனுப்பின அந்த வீடியோவைப் பத்தி நான் எதுவும் எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆளாளுக்கு எழுதியாச்சு, திட்டியாச்சு, அன்ஃப்ரெண்டும் பண்ணியாச்சு. ஆனா நேத்து ராத்திரி ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர், "அந்தப் பசங்க முறைப்படி பர்மிஷன் வாங்கியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே"ன்னு ரொம்பப் பொறுமையா, பெரிய மனுஷத்தனமா ஒரு வரி போட்டாரு. கீழ வரிசையா கட்டைவிரல். அதுல எனக்குத் தெரிஞ்சவங்க, என் கடைல கடன் சொல்லி ஜெராக்ஸ் எடுக்கறவங்க எல்லாம் இருந்தாங்க. அப்புறம் எங்க தூக்கம் வரும்?

சரி, பர்மிஷனைப் பத்தியே பேசுவோம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் அஞ்சரை மணி, நல்ல வெளிச்சம். பூங்காவோட பின்பக்க மதில் ஓரமா, உடைஞ்ச ஊஞ்சல் கிட்ட, எப்பவும் பறை பழகுற அதே பசங்க. மைக் இல்ல, ஸ்பீக்கர் இல்ல. முன்பக்கத்துல பந்தல் போட்டு ஒரு கலை அமைப்போட நிகழ்ச்சி. வடசென்னையோட பன்முகப் பண்பாட்டைக் கொண்டாடுறாங்களாம். அந்த அமைப்புல இருந்து ஒருத்தர் நேரா பின்பக்கம் வந்து, "இங்க அனுமதி வாங்கியிருக்கிற கலை அமைப்பு நாங்க. நீங்கள்லாம் யாரு?"ன்னு கேக்கறாரு. பன்னெண்டு வயசு இருக்கும், ஒரு பையன் "இங்கதான் சார், பின்னாடி தெரு"ங்கறான். சுத்தி இருந்தவங்க சிரிக்கறாங்க. அடுத்த நிமிஷம் பறையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எல்லாரும் கேட்டுக்கு வெளிய.

பண்பாட்டைக் கொண்டாட வந்தவங்க செஞ்ச முதல் வேலை இதுதான்.

நான் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வெச்சிருக்கேன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். அதனால லெட்டர்பேட் எப்படிப் பொறக்குதுன்னு என்னைக் கேளுங்க. நடுவுல ஒரு லோகோ, பெரும்பாலும் வீணையோ விளக்கோ. இடது மூலைல பதிவு எண், வலது மூலைல செல் நம்பர். ஓரத்துல தலைவர், செயலாளர், பொருளாளர். கீழ ஒரு கோடு. டீக்கடைப் பையன் டீ கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஏழு பேர் சேர்ந்தா 1975-ம் வருஷத்து சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு பண்ணிடலாம். அந்த ஏழு பேர்ல எத்தனை பேருக்குத் தாளம் தெரியும்னு சட்டம் கேக்கறதில்ல.

பசங்களுக்குப் பறை சொல்லிக் குடுக்கற தம்பி, பூங்காவுல பழக அனுமதி கேட்டு என்கிட்டதான் மனு டைப் அடிக்க வந்தான். அடிச்சுக் குடுத்தேன், காசு வாங்கல. எடுத்துட்டுப் போன இடத்துல என்ன சொன்னாங்க தெரியுமா? "வெள்ளைப் பேப்பர்ல எழுதினா எப்படிப்பா, அமைப்போட லெட்டர்பேட்ல கொண்டா." அவன் அமைப்பு எங்க வெச்சிருக்கான்? பகல்ல பார்சல் டெலிவரி, சாயங்காலம் பறை. அவ்வளவுதான் அவன் அமைப்பு. அதனாலதான் சொல்றேன், குரூப்ல கட்டைவிரல் தூக்கினவங்களே, பசங்க பர்மிஷன் கேட்டாங்க. கேட்டுட்டுத்தான் வந்தாங்க. அனுமதிதான் வரல, அவ்வளவுதான்.

அந்த நிகழ்ச்சியோட ஃப்ளெக்ஸ் டிசைன் என் கடைல பண்ணல. பண்ணியிருந்தா ஒண்ணு சொல்லியிருப்பேன். ஃப்ளெக்ஸ்ல பெருசா என்ன படம் தெரியுமா? பறையடிக்கிற ஒருத்தர்! நெட்ல இலவசமா கிடைக்கிற படம், எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்துல ரெண்டு கைலயும் ஒரே அளவு குச்சி. பறைக்கு ஒரு கைல நீளமா மெல்லிசா ஒரு குச்சி, இன்னொரு கைல குட்டையா தடியா அடிக்குச்சி. மதில் ஓரம் நின்ன அந்தப் பையனைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான். ஆனா அவனைத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே.

பூங்கான்னா அமைதியா இருக்கணும்னு ஒரு கூட்டம் கெளம்பியிருக்கு. எந்த ஊர்லங்க? நம்ம வடசென்னைப் பூங்கா எப்போ அமைதியா இருந்துச்சு? ராயபுரம் ராபின்சன் பூங்காலதான் 1949 செப்டம்பர்ல கொட்டுற மழைல தி.மு.க.வோட முதல் கூட்டம் நடந்துச்சு. இன்னைக்கு அது அறிஞர் அண்ணா பூங்கா. அன்னைக்கு அங்க யாராவது "வாக்கிங் போறவங்களுக்குத் தொந்தரவா இருக்கு, மைக்கை அணைங்க"ன்னு சொல்லியிருந்தா தமிழ்நாட்டு வரலாறே வேற மாதிரி போயிருக்கும். அதுக்கும் முன்னாடி, 1859-ல கவர்னர் ட்ரெவெல்யன் காலத்துல சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்னு ஒண்ணு போட்டாங்க, நூறு ஏக்கருக்கு மேல. பேண்டு வாசிப்பு, மிருகக்காட்சி சாலை, பொருட்காட்சின்னு ஒரே கூட்டமும் சத்தமுமா இருந்த இடம். ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ஸ்டேடியம்னு ஒவ்வொண்ணா அதுலயே கட்டிக் கட்டி, கடைசில மை லேடீஸ் பார்க்னு ஒரு துண்டுதான் மிச்சம். அந்த மூர் மார்க்கெட்டும் 1985-ல எரிஞ்சு போச்சு. ஜனங்களுக்குன்னு குடுத்த இடம் எப்படிக் கரையும்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

சபா, சங்கீதம், நாகரிகம் எல்லாம் ஏதோ தெற்குப் பக்கத்துல இருந்து எங்களுக்கு வண்டி வெச்சு இறக்கற மாதிரி பேசறதையும் நிறுத்துங்க. நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல சுகுண விலாச சபாங்கற நாடக சபாவை ஆரம்பிச்சது ஜார்ஜ் டவுன் பக்கம். மியூசிக் அகாடமியையே 1928-ல எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. ஹால்லதான் தொடங்கி வெச்சாங்க. இங்க இருந்துதான் அங்க போச்சு.

இப்போ ஒவ்வொருத்தரா வருவாங்க. வாங்க.

"வயசானவங்க வாக்கிங் போறாங்க, பாவம் இல்லையா?" பாவம்தான். எங்க அம்மாவும் அங்கதான் நடக்கறாங்க, முட்டி வலியோட. பறை சத்தம் பெருசா இருக்குன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் பசங்க முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கம் போனாங்க. இதுக்கு மேல எங்க போறது, மதிலுக்குள்ளயா?

"சட்டப்படி 55 டெசிபல்தான்." ஆமா, ஒலி மாசு விதி 2000-ல வந்துச்சு, குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, ராத்திரி 45. பறை தாண்டும். எண்ணூர் நெடுஞ்சாலைல துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிக்கிற கண்டெய்னர் லாரி ஹாரனும் தாண்டும். அந்த நிகழ்ச்சில வெச்ச ரெண்டு ஸ்பீக்கரும் தாண்டுச்சு, என் கடை ஷட்டர் அதிர்ந்துச்சு. அளக்கறதுன்னா எல்லாத்தையும் அளங்க.

"பூங்காக்குள்ள தீ வெச்சாங்க." இதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையிலயே சிரிப்பு வந்துச்சு. தோல் பறையை அடிக்கறதுக்கு முன்னாடி சூடு காட்டணும், இல்லன்னா ஈரத்துல தொங்கிப் போய் தொம்முனு கேக்கும். பழைய பேப்பரைக் கொளுத்தி, அந்த அனல்ல பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால சுண்டிப் பார்ப்பாங்க. சுண்டினா கணீர்னு வரணும். பசங்க அதைக் கேட்டுக்கு வெளிய பிளாட்பாரத்துலதான் செய்யறாங்க. பேப்பரே என் கடைல வீணாப் போற பேப்பர்தான். எத்தனையோ சங்கத்தோட லெட்டர்பேட் அதுல எரிஞ்சிருக்கு.

"சாவுக்கு அடிக்கறதைப் பூங்காவுல அடிக்கலாமா?" இதை எழுதினவருக்குப் பதில் இல்ல. பிளாக் பண்ணிட்டேன்.

இல்ல, பதில் சொல்றேன். 2007-ல சென்னை சங்கமம் கலை விழா வந்தப்போ ஊர்ல இருக்கற பூங்காக்கள்லதானே பறை அடிச்சாங்க? எல்லாரும் குடும்பத்தோட போய்க் கை தட்டினீங்களே. 2020-ல 'மார்கழியில் மக்களிசை'ன்னு இசை விழா தொடங்கினப்போ கானாவுக்கும் பறைக்கும் ஸ்டேட்டஸ் வெச்சீங்களே. மேடை போட்டு, லைட்டு போட்டு, அமைப்பு பேர் போட்டா அது கலை. அதே ஆளு அதே தோலை மதில் ஓரம் நின்னு அடிச்சா சாவு மோளம். ஏங்க இப்படி?

எங்க அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. ராத்திரி யார் வீட்லயாவது சாவுன்னா கதவைத் தட்டுவாங்க, எழுந்து போய் விடிய விடிய கானா பாடுவாரு. செத்தவரு என்ன வேலை பார்த்தாரு, எந்த டீக்கடைல உட்காருவாரு, பேத்தி பேர் என்ன, எல்லாம் பாட்டுல வரும். ஒரு பைசா வாங்க மாட்டாரு. ஒரு தடவை ஒரு கலை அமைப்புல இருந்து டேப் ரெக்கார்டரோட வந்தாங்க. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க, எங்க வீட்டுத் தரைல உட்கார்ந்து காபி குடிச்சாங்க. அப்பா கண்ணை மூடிக்கிட்டு பாடிக்கிட்டே இருந்தாரு. சில மாசம் கழிச்சு ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. அப்பா வெள்ளைச் சட்டை தெச்சுக்கிட்டாரு. மேடைல ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. அப்புறம் "ஐயா, ரெண்டே நிமிஷம்"னாங்க. சாவு வீட்டு கானால ரெண்டு நிமிஷத்துல தொண்டை கூடத் தெளியாது. அவர் பல்லவிக்கு வர்றதுக்குள்ள ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கைல இருந்து மைக்கை வாங்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு பேராசிரியர் அரை மணி நேரம் கானாவைப் பத்திப் பேசினாரு. அழைப்பிதழ்ல அப்பா பேர் இல்ல, 'மற்றும் வட்டாரக் கலைஞர்கள்'னு போட்டிருந்துச்சு. அந்த அழைப்பிதழ் இன்னும் என்கிட்ட இருக்கு. யாருக்காவது வேணும்னா ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

அதனால அமைப்புகளே வேணாம்னு சொல்றேன்னு ஆரம்பிக்காதீங்க. வரட்டும், பந்தல் போடட்டும், புல்லாங்குழல் வாசிக்கட்டும். நானே ஓரமா உட்கார்ந்து கேட்டேன், நல்லாத்தான் வாசிச்சாரு. ஆனா பன்முகம் பன்முகம்னு நீங்க ஃப்ளெக்ஸ்ல தேடறது அந்தப் பூங்காவுல தினமும் நடக்குதுங்க. 1960-கள்ல பர்மால இருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பாட்டிங்க ஒரு பெஞ்சுல, பர்மியத்துல ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு. பேத்தி பக்கத்துல அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பா. கொருக்குப்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கு பேசற தாத்தாங்களுக்கு ஆடு புலி ஆட்டம். உருது பேசற அக்கா ரெண்டு பேர் புர்காவோட வேக நடை. ஞாயித்துக்கிழமைன்னா கட்டட வேலை பார்க்கற பீகார்ப் பசங்க மரத்தடில வீடியோ கால், ஊர்ல இருக்கற குழந்தைக்கு நம்ம அணிலைக் காட்டுவாங்க. ரயில்வேல ரிட்டயர் ஆன ஆங்கிலோ இந்தியன் அங்கிள் ஒருத்தர், கிறிஸ்துமஸ் நேரம் மவுத் ஆர்கனோட வருவாரு. இதுல யாருங்க லெட்டர்பேட் குடுத்தது? யாரு யாரைக் கேட்டாங்க? இதுல பறை மட்டும் எப்படி வெளி ஆளாச்சு?

"நீங்க சாதியை இழுக்கறீங்க." நான் அந்த வார்த்தையை இதுவரைக்கும் எழுதவே இல்ல. நீங்கதான் எழுதினீங்க.

"பூங்காவைத் திறந்து விட்டா கஞ்சா அடிக்கறாங்க." இதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஒரு பையன் கைல குச்சி இருந்தா அவன் கைல வேற எதுவும் இல்லன்னு அர்த்தம். வியாசர்பாடில புட்பால் ஆடின பசங்க எங்கெல்லாம் போயிருக்காங்க, தெரியாதா? புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் எடுத்துட்டு வந்தப்போ எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணீங்களே. எங்க ஏரியால ஜெயிச்சவங்கன்னா ஷேர், பழகறவங்கன்னா புகார். அதே வருஷ டிசம்பர் கடைசிலதான் மாநகராட்சி புட்பால் திடல்களுக்கு மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய்னு தீர்மானம் போட்டாங்க, எதிர்ப்பு கெளம்பினதும் வாபஸ் வாங்கினாங்க. யாரோ கத்தினதாலதான் வாபஸ் ஆச்சு. 55 டெசிபலுக்குள்ள கேட்டிருந்தா இன்னைக்கு 120 ரூபாய் கட்டிக்கிட்டு இருப்பீங்க.

அமைதி வேணுமாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரம் பூரா எண்ணெய் மிதந்துச்சு, மீன்பிடிக்கறவங்க கையால அள்ளினாங்க. அதே மாசம் 26-ம் தேதி நடுராத்திரி அமோனியா கசிஞ்சு பெரியகுப்பத்து ஜனங்க கண்ணு எரிய, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையை நாங்க எத்தனை வருஷமா மூக்குல ஏத்திக்கிட்டு இருக்கோம்? அதுக்கெல்லாம் இந்தக் குரூப்ல ஒரு கட்டைவிரல் வரல. பன்னெண்டு வயசுப் பையன் குச்சி எடுத்ததும் சுற்றுச்சூழல் ஞாபகம் வந்துடுச்சு.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், விடுங்க.

காலைல அந்த அமைப்புல இருந்து ஒரு அம்மா இன்பாக்ஸ்ல வந்தாங்க. நல்ல மாதிரிதான் பேசினாங்க. "மேடம், அடுத்த நிகழ்ச்சில உங்க பசங்களுக்குப் பத்து நிமிஷம் ஸ்லாட் தர்றோம், இதை இதோட முடிச்சுக்கலாம்"னாங்க. அப்பாவுக்கு ரெண்டு, பசங்களுக்குப் பத்து, முன்னேற்றம்தான். ஆனா எங்க பூங்காவுல எங்க பசங்களுக்கு நேரம் ஒதுக்கற வேலையை உங்களுக்கு யாரும்மா குடுத்தா? பசங்க ஸ்லாட் கேக்கல. மதில் ஓரத்தைத்தான் கேக்கறாங்க.

மனு மறுபடியும் வெள்ளைப் பேப்பர்லதான் போகுது. தெருவுல இருக்கற பெத்தவங்க எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க, போடாதவங்க கடைக்கு வந்து போடுங்க. ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும். குரூப்ல கட்டைவிரல் தூக்கினவங்களும் வரலாம், பேனா நான் தர்றேன். பழைய பாக்கியையும் அப்படியே குடுத்துட்டுப் போங்க.