முட்டைக்குழியை மிதிக்காமல் மீன் பிடிக்கவே முடியாதா?

ஒவ்வொரு இலையுதிர்காலமும் இதே எரிச்சல். அணைக்குக் கீழே, வண்டிப் பாதைகூட இல்லாத இடத்துக்குத் தூண்டில்காரர்கள் மூச்சிரைக்க நடந்து வருகிறார்கள். வேடர்ஸை (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நனையாத கால்சட்டையை) மாட்டிக்கொண்டு நேராகப் போய் நிற்பது எங்கே? பிரவுன் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் முட்டையிட்டு மூடிவைத்த சரளையின் மேல்! கண் தெரியாதா என்ன? சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்து கறுத்துக் கிடக்கிறது. பெண் மீன் வாலால் அடித்துத் தோண்டிய இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறது. முன்னால் ஒரு பள்ளம், அதை ஒட்டி நீர் போகும் பக்கம் ஒரு மேடு. முட்டை அந்த மேட்டுக்குள்தான் இருக்கிறது. பள்ளத்தைக் கவனமாகச் சுற்றி வந்து மேட்டில் கால் வைப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சொன்னால், "ஒரு மிதியில் என்ன ஆகிவிடும்?" என்கிறார்கள். ஆகும். 1992-ல் வெளியான, அமெரிக்காவின் மொன்டானா மாநில ஆய்வு ஒன்று இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. குஞ்சுகள் சரளையை விட்டு வெளியேறும்வரை தினம் இரண்டு முறை மிதித்ததில் 83 முதல் 96 சதவீதம் செத்தன. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை மிதித்ததிலேயே 43 சதவீதம் வரை போயின. அப்புறம் என்ன பேச்சு?

அதுவும் அணைக்குக் கீழே இருக்கிற ஆற்றில் இதைச் செய்வது கொடுமை. வெள்ளத்தில் உருண்டு வரவேண்டிய சரளையை அணை மேலேயே நிறுத்திவிடுகிறது. இருக்கிற கொஞ்சத்தையும் திறந்துவிடும் தண்ணீர் வருஷா வருஷம் அரித்துக்கொண்டு போகிறது. முட்டையிடத் தோதான திட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம். தண்ணீரைத் திடீரென்று குறைத்தால் அதிலும் பாதி கரையேறிக் காய்கிறது. குளிர்ந்த நீரில் முட்டை பொரியவே மாதக்கணக்கில் ஆகும். பொரித்த குஞ்சும் மஞ்சள்கருப் பை கரையும்வரை கல்லிடுக்கிலேயே கிடக்கும். இவ்வளவையும் தாங்கிக் கிடக்கிற உயிரை நம் பூட்ஸ் நசுக்க வேண்டுமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மிதிக்க மாட்டார்கள், ஆனால் குழிமேல் ஜோடியாக நிற்கிற மீன்களின் முகத்துக்கு நேரே தூண்டிலில் கட்டிய செயற்கை ஈயை வீசுவார்கள். அவை இரைக்காகவா அங்கே நிற்கின்றன? இடத்தைக் காக்கும் வெறியில் கடிக்கின்றன. அதைப் பிடிப்பதில் என்ன திறமை? பிறகு, முட்டை சொட்டச் சொட்டப் பெண் மீனைத் தூக்கிப் பிடித்துப் படம். "திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டேனே" என்று ஒரு சமாதானம் வேறு. கைடுகளே காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கொண்டுவந்து குழிமேல் நிறுத்துவதையும் பார்த்துவிட்டேன். அவர்களுக்குத் தெரியாதென்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ஆழமான மடுக்களில் முட்டையிடாத மீன்கள் நன்றாக இரை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே வீசுங்கள். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் பெரிய கல் கிடக்கிற இடமாகப் பார்த்துக் கடந்து போங்கள். வெளுத்த சரளையைக் கண்டால் கரையேறிச் சுற்றிப் போங்கள்.