இமயமலைக் கதையில் பாதியைக் காணோம்

இமயமலை எப்படி உருவானது என்று யாரைக் கேட்டாலும் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நெருக்கி, விரல்களை மேலே தூக்கிக் காட்டுவார்கள். இந்தியா போய் ஆசியாவில் முட்டியது, நடுவில் இருந்தது மடிந்து எழுந்தது, முடிந்தது கதை. பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் படமும் இதுதான், யூடியூப் அனிமேஷனும் இதுதான். தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் கண்டத்தின் முன்விளிம்பு பூமிக்குள்ளே நூறு கிலோமீட்டர் ஆழம் வரை போய்விட்டுத் திரும்பி வந்ததே, அந்தப் பாதி இதில் கிடையாது. மொத்தக் கதையிலும் ருசியான இடமே அதுதான்.

லடாக்கில் சோ மோரிரி ஏரி, 4,500 மீட்டருக்கு மேலே. அந்தப் பக்கம் பைக்கில் போகிற நம்ம ஆட்கள் பூகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு ஏரியைப் பார்க்க ஓடிவிடுவார்கள். சுற்றிலும் இருக்கிற பாறையை யாரும் சீண்டுவதில்லை. வெளிறிய, வரிவரியான, ‘நைஸ்’ (gneiss) என்கிற உருமாறிய பாறை அது. அதற்குள் அங்கங்கே கரும்பச்சைக் கட்டிகள் புதைந்திருக்கும். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். உற்றுப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகக் கார்னெட் மணிகள். எக்லோகைட் என்பது இதைத்தான். இதற்குள் கோயசைட் என்ற கனிமம் இருக்கிறது என்று டேராடூனில் உள்ள வாடியா இமயமலைப் புவியியல் நிறுவன ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு பாகிஸ்தானின் காகான் பள்ளத்தாக்கிலும் கோயசைட் கிடைத்ததாகச் செய்தி வந்தது.

கோயசைட் வேறொன்றுமில்லை, நம்ம ஆற்று மணலில் குவார்ட்ஸாக இருக்கும் அதே சிலிக்காதான். அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் குவார்ட்ஸின் அணுக்கட்டு இன்னும் நெருக்கமாக மாறிவிடும், அடர்த்தி (கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) 2.65இலிருந்து 2.92 ஆகும். அதற்குச் சுமார் 90, 100 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தம் வேண்டும். 1953இல் லோரிங் கோஸ் என்பவர் ஆய்வகத்தில் முதலில் இதைச் செய்தார். 1960இல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் இயற்கையாகவே கிடைத்தது. விண்கல் மோதிய இடத்தில் கிடைத்தால் ஆச்சரியமில்லை. ஆனால் 1984இல் கிறிஸ்டியன் ஷோப்பான் இத்தாலிய ஆல்ப்ஸின் தோரா மைராவிலும், டேவிட் ஸ்மித் நார்வேயிலும் கண்டெடுத்தார்களே, அது விண்கல் வேலை அல்ல. ஷோப்பான் கண்ட பாறை ஒரு காலத்தில் கண்டத்தின் மேலோட்டில் சாதாரணமாகக் கிடந்தது. கண்டம் இலேசானது, மிதக்கும், அவ்வளவு ஆழத்துக்கெல்லாம் போகாது என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

தோரா மைரா பாறையை முடியளவு மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் விஷயம் கண்ணெதிரே தெரியும். கார்னெட்டின் நடுவே ஒரு சின்னக் கோயசைட் துணுக்கு. அதைச் சுற்றி வேலிக்கால் நட்டதுபோல் நெருக்கமாகக் குவார்ட்ஸ். அங்கிருந்து நாலாபக்கமும் கார்னெட்டைப் பிளந்துகொண்டு ஓடும் விரிசல்கள். மேலே வரும் வழியில் கோயசைட் மறுபடி குவார்ட்ஸாக மாறப் பார்த்திருக்கிறது. மாறினால் பத்து சதவீதம் பருக்க வேண்டும், கார்னெட் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கார்னெட் வெடித்ததுதான், ஆனால் அதற்குள் பாறை ஆறிவிட்டது. மிச்சம் மாறாமல் நின்றுவிட்டது. நிதானமாக, சூட்டோடு, நீர் பட ஊறி வந்திருந்தால் ஒரு துணுக்குகூடத் தப்பியிருக்காது.

கீழே போனது எப்படி என்பது பெரிய புதிர் இல்லை. இந்தியாவுக்கு முன்னால் டெதிஸ் கடலின் தரை இருந்தது. கனமான அந்தத் தரை, மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் என்ற பாறை அடுக்குக்குள் இறங்கும்போது, அதோடு ஒட்டியிருந்த கண்ட விளிம்பையும் இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்த கதைக்கு வந்தால்தான் ஆளாளுக்கு ‘அரிப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மழையும் பனியாறும் மேலே இருந்ததைக் கரைத்தன, அடியில் இருந்தது வெளியே தெரிந்தது என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதே நல்ல வேகமான அரிப்பு. நூறு கிலோமீட்டரைக் கரைக்கப் பத்துக் கோடி ஆண்டு ஆகும். இந்தியா ஆசியாவில் மோதியே சுமார் ஐந்து கோடி ஆண்டுதான் ஆகிறது! தோரா மைரா இன்னும் மோசம்: 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியாழத்தில் இருந்த பாறை, சுமார் 30 லட்சம் ஆண்டுக்குள் மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதல் கட்டத்தில் ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல். புவித்தட்டுகள் நகரும் வேகம் இது. எந்த மழையும் இந்த வேலையைச் செய்யாது.

காலிக் குடத்தைக் கிணற்றில் கவிழ்த்து அமுக்கிப் பிடித்திருக்கிறோம், கை விட்டால் என்ன ஆகும்? மேன்டில் பாறையின் அடர்த்தி சுமார் 3.3. நைஸ் பாறை அந்த ஆழத்திலும், குவார்ட்ஸ் எல்லாம் கோயசைட்டாக மாறிய பின்னும், அதைவிட இலேசு. இழுத்த கடல்தரை அறுந்து விழுந்தாலோ, கண்டத்தின் மேல்படலம் தட்டிலிருந்து உரிந்து வந்தாலோ, அது போன வழியிலேயே மேலே கிளம்பிவிடும். மலையை ‘கீழேயிருந்து தள்ளியது’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு இதில்தான் சண்டை. யாரும் தள்ளவில்லை. அது தானே ஏறி வந்தது.

அந்தக் கரும்பச்சை எக்லோகைட் கட்டிகளைக் கவனியுங்கள். அவற்றின் அடர்த்தி 3.4க்கும் மேலே, அதாவது மேன்டிலைவிடக் கனம். தனியாக இருந்திருந்தால் கீழே போய்ச் சேர்ந்திருக்கும், நாம் பார்த்தே இருக்க மாட்டோம். இலேசான நைஸ் பாறைக்குள் மாட்டிக்கொண்டதால் டிக்கெட் இல்லாமல் மேலே வந்துவிட்டன.

அரிப்புக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, கடைசியில். மிதப்பு ஒரு 30, 40 கிலோமீட்டர் ஆழம் வரைதான் தூக்கும். அங்கே சுற்றிலும் இருப்பதும் கண்ட மேலோடே என்பதால் எடை வித்தியாசம் போய்விடுகிறது. அதற்கு மேல், தலைமேல் கிடக்கும் பாறை பிளவுகளில் சரிந்து விலக வேண்டும், மீதியை ஆறும் பனியும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டம் மெதுவாகத்தான் நடக்கிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. பாறை காட்டும் அழுத்தம் எல்லாம் ஆழத்தால் வந்ததில்லை, தட்டுகள் நெருக்கியதாலும் வந்திருக்கலாம், ஆகவே நூறு கிலோமீட்டர் போனதே சந்தேகம் என்கிறார்கள். வலுவான பாறையில் அங்கங்கே கொஞ்சம் கூடுதல் அழுத்தம் சேரும் என்பதை ஏற்கிறேன். ஆழக் கணக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்பின் இருக்கட்டும். ஆனால் தோரா மைரா பாறை 700 டிகிரிக்கு மேல் சூடேறியது. அந்தச் சூட்டில் இளகிக் கிடக்கும் பாறைக்கு அத்தனை நெருக்கலைத் தாங்கிப் பிடித்துவைக்கத் தெம்பு ஏது? கஜகஸ்தானின் கோக்செதாவ் பாறைகளில், கார்னெட்டுக்குள் நுண்ணிய வைரமே இருப்பதை 1990இல் சோபோலெவும் ஷாட்ஸ்கியும் அறிவித்தார்கள். வைரம் கேட்கும் அழுத்தம் கோயசைட்டுக்கு வேண்டியதைவிட அதிகம். மாற்றுக் கருத்துள்ள புவியியல் நண்பர்கள் கமென்டில் வரலாம், அந்த வைரத்துக்கும் ஒரு பதிலோடு வாருங்கள்.