கொஞ்சம் சேற்றையும் விட்டு வையுங்கள்

புரட்டாசி, ஐப்பசி வந்தால் நம்ம வேலூர் கேமராக்காரர்கள் பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வண்டி கட்டிவிடுகிறார்கள். போகட்டும், தப்பில்லை. பூநாரைக் கூட்டத்தை நேரில் பார்க்காதவர்கள் பார்க்கத்தான் வேண்டும். கோடியக்கரை 1967லேயே சரணாலயம் ஆன இடம், பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டிப் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிற இடம். ஆனால் அந்தக் கடலோரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்துகிற கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவை நம்ம ஏரிக்கும் வருகிறது என்றால், "இந்த வெயிலூருக்கா?" என்று சிரிக்கிறார்கள்.

வருகிறது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், பெரும்பாலும் 30 கிராம்கூடத் தேறாது, முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ சைபீரியாவின் வடகோடியில். அங்கிருந்து கிளம்பி ஆவணியிலேயே சில இந்தப் பக்கம் இறங்கிவிடும். அப்போது பெருமழை தொடங்கியிருக்காது, ஏரி உள்வாயில் தண்ணீர் ஒதுங்கி ஓரமெல்லாம் ஈரச் சேறாகக் கிடக்கும், அதற்குத் தீனி அந்தச் சேற்றில்தான். ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் அப்புறம், தண்ணீர் ஏறிய பிறகு. காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி விரிந்து கிடக்கிற ஏரியில் ஆழம், முழங்கால் தண்ணீர், சேறு மூன்றும் இருப்பதால் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது.

இதைத்தான் ஏரி சீரமைப்பு என்ற பெயரில் கெடுக்கிறோம். நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, முடிந்தால் ஒரு படகும் விட்டு. தூர் வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருடக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியதையும், ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போனதையும் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. தண்ணீர் அருமை எனக்கும் தெரியும். ஆனால் கொசு உள்ளான் நீந்தி இரை தேடுகிற பறவை இல்லை, அதன் கால் நம் விரல் நீளம்கூட இருக்காது, ஓரத்திலேயே ஆளுயர ஆழம் என்றால் எங்கே நிற்கும்?

"குருவிக்காக விவசாயி வயிற்றில் அடிக்கணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். மதகுப் பக்கம் தாராளமாக ஆழப்படுத்துங்கள், பாசனத்துக்கு அதுதான் உதவும். வரத்துக்கால் வந்து சேருகிற பக்கத்துச் சரிவை மட்டும் தொடாமல் விடுங்கள், எப்படியும் அங்கே நிற்கிற தண்ணீர் கொஞ்சம்தான். எங்கள் ஊர் கிராம சபையில் இதை மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் கொடுக்க நினைத்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், மனுவை அப்படியே அனுப்புகிறேன், ஏரி பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.