வெளிக்கி

எங்கள் ஆச்சியை நெல்லை மாவட்டம் முக்கூடலில் இருந்து கூட்டிப்போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வார்டுக்கு வந்தவர் மேற்படிப்பு படிக்கும் வடநாட்டு டாக்டர், சின்னப் பையன். "ரெண்டு நாளா வெளிக்கிப் போவலய்யா" என்றாள் ஆச்சி. அவர் பதறிப்போய், "வெளியே போகாதே பாட்டி. ரெஸ்ட், ரெஸ்ட்" என்றார். ஆச்சி என் பக்கம் திரும்பி, "இவன் என்னலே சொல்லுதான்?" வார்டு கூட்டிக்கொண்டிருந்த அக்காதான் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, "சார், மோஷன். டூ டேஸ் நோ மோஷன்" என்று காப்பாற்றினார்.

மலச்சிக்கல் என்பதால் சிரிப்போடு போயிற்று. எங்கள் பக்கம் கால் கடுக்கும், உளையும், குத்தும், மதமதவென்று இருக்கும். நாலும் வேறு வேறு. மதமதப்பு என்றால் சர்க்கரையில் நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'பெயின்' என்று சீட்டில் எழுதினால் வலி மாத்திரைதான் வரும். 'மேலுக்குச் சொகமில்ல' என்றால் உடம்புக்கு என்று சென்னைக்காரருக்கே சட்டென்று பிடிபடுமா தெரியாது.

என் அண்ணன் மகள் ஸ்டுட்கார்ட் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அங்கே நர்ஸாகப் பதிவு வாங்க ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 என்கிற நிலை தேற வேண்டும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ராத்திரி பகலாகப் படித்தாள். (1820இல் அதே ஊருக்கு வந்த ரேனியஸ் ஐயர், கிறிஸ்தவப் பாதிரியார், ஜெர்மன்காரர். தமிழ் படித்து இலக்கணமே எழுதினார். இப்போது நம் முறை.) போய் இறங்கினால் தாத்தாமார் பேசுவது புத்தக ஜெர்மன் இல்லை, ஸ்வாபிய வட்டார வழக்கு. 'ஃபூஸ்' என்றால் பாதம் என்று படித்தவளிடம் ஒருவர் ஃபூஸ் வலிக்கிறது என்று தொடையைக் காட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் முழுக் காலுக்கும் அதுதான் பேராம். "நம்ம ஊருலயும் கால்னா ரெண்டும்தான சித்தப்பா, டக்குனு புரிஞ்சிட்டு" என்றாள்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அரசுக் கல்லூரி மேற்படிப்பு இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், தமிழ் தெரியுமா என்று கேட்பதில்லை. சரி, கேட்க வேண்டாம். வந்து சேர்ந்த முதல் மாதம் தினம் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாமே? தமிழ் வாத்தியார்கூட வேண்டாம். மூத்த சிஸ்டர்களையும் அந்தக் கூட்டுகிற அக்காவையும் உட்கார வைத்து, அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். இப்போதும் அவர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள், ஓசியில்.

மூன்றாம் நாள் காலையில் அந்த டாக்டர் வந்தார். கட்டில் பக்கம் குனிந்து, "ஆச்சி, வெளிக்கி?" என்றார். ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.