எங்க வீட்டுப் பிள்ளையே ரீமேக்தான் அண்ணே

"அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் எல்லாமே சொந்தக் கதை, ரீமேக் வியாதி இப்பதான் வந்துச்சு, துணிஞ்சி எடுக்க ஆளே இல்ல"ன்னு மேலே போட்டிருக்கீங்க. கோபிக்காதீங்க அண்ணே, அது தப்பு.

நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் திடல்ல வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டுவாங்களே, பாய விரிச்சு உட்கார்ந்து எங்கப்பா கைதட்டிப் பார்த்தது 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965). அது முந்தின வருசம் வந்த 'ராமுடு பீமுடு'ங்கிற தெலுங்குப் படத்தோட ரீமேக். 'பில்லா' (1980) இந்தி 'டான்' படத்துலேர்ந்து வந்தது. அப்பவும் ஓடுற குதிரை மேலதான் பணம் கட்டினாங்க.

துணிச்சலும் அப்பவே இருந்துச்சு. 1954ல 'அந்த நாள்', ஒரு பாட்டுகூட இல்லாம! இப்ப 2019ல பார்த்திபன் 'ஒத்த செருப்பு'ல திரையில ஒரே ஆளா நின்னாரு.

ரொம்ப தூரம் போவானேன். நம்ம மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' (2015) பார்த்தீங்களா? தோட்டத்த விட்டு வெளியேறின குடும்பம், குண்டர் கும்பல் பக்கம் சாயுற பையன், நம்ம வாய்ப் பேச்சு அப்படியே. பெரிய ஹீரோ கிடையாது. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த அந்தப் படத்துக்குத்தான் 2016 மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம் விருது.

பெரிய பட்ஜெட்காரங்க பயப்படுறாங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். ஆனா ஆளே இல்லன்னா எப்படி லா? அந்த மாதிரிப் படம் வந்தா, நாமதான் டிக்கெட் எடுக்காம டெலிகிராம்ல தேடுறோம். நானும்தான்.