ஏசிக்குக் குமிழ் வேண்டும்
காரில் பொத்தான்களே வேண்டாம், எல்லாவற்றையும் தொடுதிரையில் வைத்துவிடலாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கும் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஏசியைக் குறைக்க இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்துவிடுகிறோம்! கையால் திருகும் குமிழ் என்றால் கண் தேவையில்லை, விரலுக்கே இடம் தெரியும். கொட்டும் மழையில் வைப்பர் வேகத்தைக் கூட்டத் திரையைத் தடவியவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும்.

ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண் குறைகிறது. மிகச் சரியான முடிவு. வரைபடத்துக்கும் பின்பக்கக் கேமராவுக்கும் திரை இருக்கட்டும். ஏசியை மட்டும் எங்கள் விரலுக்கே திருப்பிக் கொடுங்கள்.