விக்ராந்த், விராட் இரண்டையும் உடைத்தே விட்டோம்

ஓய்வுபெற்ற விமானந்தாங்கிக் கப்பலை அருங்காட்சியகம் ஆக்கிவிடலாம் என்று கட்டுரையில் எளிதாக எழுதிவிட்டீர்கள். நம் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை அப்படித்தானே வைத்திருந்தோம்? 1997இல் ஓய்வு, அப்புறம் 2012 வரை மும்பையில் அருங்காட்சியகம், கடைசியில் பாதுகாப்பில்லை என்று மூடி, 2014இல் ஏலத்தில் விற்று உடைத்தார்கள். 1971 பாகிஸ்தான் போரில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய சீ ஹாக் விமானங்கள் கிளம்பிய தளம் அது, எனக்கு மனசு ஆறவே இல்லை. அதன் இரும்பு பஜாஜ் வி பைக்கின் பெட்ரோல் டேங்கில் இருக்கிறது, தெருவில் அந்த வண்டி நின்றால் டேங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலான விராட்டும் 2020இல், கப்பல்களை உடைக்கும் இடமான குஜராத்தின் அலங் கடற்கரைக்குப் போனது. உடைப்பதை நிறுத்தச் சொல்லி 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது கேஸ் கட்டர்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தன.